பிள்ளை வேண்டாம் என்பதற்கு எந்த பிரிப்பொசிஷன்? வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி தில்லைநகரில் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ போகக் காத்திருக்கும் செவிலியர்கள். மீதிப் பேர் கனடா, ஆஸ்திரேலியா என்று விண்ணப்பம் போட்டிருப்பவர்கள். எல்லோருக்கும் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐயெல்ட்ஸ் தேர்வு இருக்கிறது. கட்டுரைப் பயிற்சிக்கு நான் விடாமல் கொடுக்கும் தலைப்பு ஒன்று உண்டு: "பல நாடுகளில் பிள்ளை பெற்றுக்கொள்வதில்லை என்று முடிவெடுக்கும் தம்பதியர் பெருகி வருகிறார்கள். காரணம் என்ன? இதனால் சமூகத்துக்கு நன்மையா, தீமையா?"

எனக்கும் என் கணவருக்கும் பிள்ளை இல்லை. வேண்டாம் என்று நாங்களே எடுத்த முடிவு. வகுப்பு தொடங்கி இரண்டு வாரத்துக்குள் இது எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதன் பிறகு வரும் கேள்விகளில் எது இலக்கணம், எது குடும்ப விசாரிப்பு என்று பிரிப்பது கடினம். ஒவ்வொரு புதிய குழுவுக்கும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால், இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதிவைக்கிறேன்.

உங்கள் சொந்தக் கதை என்பதால்தான் இந்தத் தலைப்பைக் கொடுக்கிறீர்களா, மேடம்?

இல்லை. 'சுற்றுச்சூழல் மாசு' என்று கொடுத்தால் முப்பது தாள்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல வருகின்றன. பிள்ளை விஷயத்தில் மனப்பாடம் செய்துவைத்த கட்டுரை யாரிடமும் இல்லை. அபிப்பிராயம் மட்டும் எல்லோரிடமும் இருக்கிறது. இன்னொரு காரணம் தேர்வு சார்ந்தது. எழுத்துத் தேர்வில் இப்படிப்பட்ட தலைப்பு வரும் இரண்டாம் கட்டுரைக்கு 40 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். நான்கு அளவுகோல்களுக்குச் சமமாக மதிப்பெண். அவற்றில் ஒன்று, கருத்துகள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பது. காரணம் சொல்லி, எதிர்த்தரப்பை ஒப்புக்கொண்டு, 'ஆனாலும்' என்று தன் பக்கம் திரும்பி வராமல் இந்தத் தலைப்பில் பத்து வரி எழுத முடியாது. இணைப்புச்சொல் பழக இதைவிட நல்ல மைதானம் எனக்குக் கிடைக்கவில்லை.

'இன்', 'ஆன்', 'அட்' மாதிரி பெயருக்கு முன்னால் வரும் பிரிப்பொசிஷனே தமிழில் கிடையாதே, எப்படி மனத்தில் பதியும்?

அந்த வேலை தமிழிலும் நடக்கிறது. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நடக்கிறது. பள்ளியில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஒப்பித்தோமே, அந்த வேற்றுமை உருபுகள் செய்வதைத்தான் ஆங்கிலத்தில் இந்தச் சின்னச் சொற்கள் செய்கின்றன. பின்னால் இருந்தது முன்னால் போவது ஒரு வாரத்தில் பழகிவிடும். நம்முடைய ஓர் உருபுக்கு அங்கே நாலைந்து சொற்கள் இருப்பதுதான் வம்பு. 'இல்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் என்றால் 'அட் ஹோம்'. மேசையில், 'ஆன் த டேபிள்'. திருச்சியில், 'இன் திருச்சி'. பேருந்தில் என்றால் 'ஆன் த பஸ்', அதுவே காரில் என்றால் 'இன் த கார்'. காலையில், 'இன் த மார்னிங்'. இரவில், 'அட் நைட்'. ஏன் என்று கேட்டால் பாதிக்குப் பதில் உண்டு: எழுந்து நடமாட முடிகிற வண்டிக்கு 'ஆன்', குனிந்து நுழைந்து உட்கார வேண்டிய வண்டிக்கு 'இன்'. மீதிப் பாதிக்குப் பதில் தேடாதீர்கள், பழகிக்கொள்ளுங்கள்.

'கு' இன்னும் சுவையான ஆசாமி. குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணத்தோடு சுவர்களில் எழுதியிருந்த 'நாம் இருவர், நமக்கு இருவர்' நினைவிருக்கிறதா? அதில் வினைச்சொல்லே இல்லை. 'நமக்கு' என்ற நான்காம் வேற்றுமை ஒன்றே இரண்டு பிள்ளைகளைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அது நடக்காது, 'ஹேவ்' வேண்டும். 'எனக்கு இரண்டு பிள்ளைகள்' என்பதை 'டு மீ டூ சில்ட்ரன்' என்று எழுதியவர் தமிழில் சரியாகத்தான் யோசித்திருக்கிறார். நம் மொழியில் பிள்ளை நமக்கு வாய்க்கிறது. அதனால்தானோ என்னவோ, 'வேண்டாம் என்று முடிவு செய்தோம்' என்று தமிழில் சொன்னதும் கேட்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். வாய்ப்பதை எப்படி ஒருவர் வேண்டாம் என்று சொல்ல முடியும்?

'மேரீட் வித்' ஏன் தவறு? கணவனும் மனைவியும் சேர்ந்துதானே இருக்கிறார்கள்?

சேர்ந்து இருக்கட்டும். ஆங்கிலத்தில் 'மேரீட் டு'தான். 'அவருடன் திருமணம் நடந்தது' என்ற 'உடன்' நம் பேனாவை 'வித்' பக்கம் இழுக்கிறது. 'மேரீட் வித் டூ சில்ட்ரன்' என்று அச்சில் பார்த்திருப்பீர்கள். திருமணமாகி இரண்டு பிள்ளைகளும் உண்டு என்பது அதன் பொருள். அந்தக் கணக்கில் 'மேரீட் வித் எ டாக்டர்' என்றால், திருமணமாகி ஒரு டாக்டரும் பிறந்திருக்கிறார்.

இதே இழுப்பில் வருவது 'டிஸ்கஸ் அபவுட்'. 'பற்றி' என்று தமிழில் யோசிக்கிறோம். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது. பெரியவர்கள் கூடி உங்கள் எதிர்காலத்தை 'டிஸ்கஸ்' செய்வார்கள், 'அபவுட்' இல்லாமலே.

'முடிவு செய்தோம்' என்பதற்கு 'டிசைட்' போட்டால் அதன் பின்னால் எது வரும்?

நான்கு வழி இருக்கிறது, நான்கும் ஒன்றல்ல. 'டிசைட் டு' என்றால் ஒன்றைச் செய்வதென்று முடிவு. 'டிசைட் நாட் டு' என்றால் செய்வதில்லை என்று முடிவு. 'டிசைட் ஆன்' என்றால் பலவற்றில் ஒன்றைத் தேர்வது. பிள்ளைக்குப் பெயர் வைப்பவர்கள் 'டிசைட் ஆன் எ நேம்' என்பார்கள். கட்டுரைக்கு மிகவும் பயன்படுவது நான்காவது: 'டிசைடட் அகெய்ன்ஸ்ட் ஹேவிங் சில்ட்ரன்'. அந்த 'அகெய்ன்ஸ்ட்' ஒரு தராசைக் கூடவே கொண்டுவருகிறது. இரண்டு பக்கமும் எடை போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். இரண்டு வருடம் எடை போட்டோம்.

'சைல்டுலெஸ்', 'சைல்டுஃப்ரீ' இரண்டில் எதை எழுதுவது?

'லெஸ்' என்றால் இருக்க வேண்டியது இல்லை என்ற தொனி. வீடற்றவருக்கு 'ஹோம்லெஸ்' என்கிறோம். 'ஃப்ரீ' என்றால் தொல்லை விட்டது என்ற தொனி. 'சுகர்ஃப்ரீ' பிஸ்கட் போல. முதல் சொல் பரிதாபப்படுகிறது, இரண்டாவது கொஞ்சம் கொண்டாடுகிறது. குழந்தைக்காகப் பல வருடம் சிகிச்சை எடுத்துக் கைகூடாதவரை 'சைல்டுஃப்ரீ' என்று எழுதுவது கொடுமை. தமிழில் 'மலடி' என்ற ஒரு வசைச்சொல்லை வைத்துக்கொண்டு இருவரையும் ஒன்றாகவே அடித்துவிடுகிறோம், அது வேறு கதை.

தேர்வில் 'கப்பிள்ஸ் வித்தவுட் சில்ட்ரன்' என்று எழுதிவிட்டால் எந்தச் சாய்வும் இல்லை. விருப்பத்தோடு எடுத்த முடிவு என்று காட்ட 'பை சாய்ஸ்' சேருங்கள். அங்கே வழக்கமாக வருவது 'பை'தான்.

'பை', 'அன்டில்' இரண்டும் 'வரை'தானே?

இல்லவே இல்லை. 'அன்டில்' என்றால் வரை. 'பை' என்றால் க்குள். தமிழில் இந்த வேறுபாடு பளிச்சென்று இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது எங்கேயோ தவறவிட்டுவிடுகிறோம்.

திருமணமான புதிதில் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் இலை போடும் நேரத்தில், என் பெரியம்மா "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டார். என் கணவர், "முப்பத்தைந்து வரை யோசிக்கப்போவதில்லை, பெரியம்மா" என்றார். பெரியம்மா ஊர் முழுக்கச் சொன்னது: "முப்பத்தைந்துக்குள் பெற்றுக்கொள்வார்களாம்." ஓர் உருபைத்தான் மாற்றினார். அதற்குப் பிறகு வந்த எல்லாத் தீபாவளிக்கும் நாங்கள் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இவர் சொன்னது 'அன்டில்'. அவர் காதில் விழுந்தது 'பை'.

'சின்ஸ்', 'ஃபார்'?

தொடங்கிய நேரத்தைச் சொன்னால் 'சின்ஸ்', கால அளவைச் சொன்னால் 'ஃபார்'. 2008 முதல் என்றால் 'சின்ஸ் 2008'. பத்து வருடமாக என்றால் 'ஃபார் டென் இயர்ஸ்'. 'முதல்', 'ஆக' என்று தமிழில் மாற்றிச் சொல்லிப் பாருங்கள், தவறு வராது. கூடவே வினையையும் கவனியுங்கள்: 'ஐ ஆம் மேரீட் சின்ஸ் டென் இயர்ஸ்' என்பதில் தவறு ஒன்றல்ல, இரண்டு. 'ஐ ஹாவ் பீன் மேரீட் ஃபார் டென் இயர்ஸ்' என்று வர வேண்டும்.

புள்ளிவிவரம் எழுதும்போது 'டு', 'பை', 'அட்', 'ஆஃப்' எல்லாம் குழப்புகின்றன.

தென் கொரியாவை எடுத்துக்கொள்வோம். இந்தத் தலைப்புக்கு அதைவிடப் பொருத்தமான நாடு இல்லை. ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கருவள விகிதம் என்கிறார்கள். மக்கள்தொகை குறையாமல் நிற்க அது சுமார் 2.1 இருக்க வேண்டும். தென் கொரியாவில் 1970-இல் 4.53 ஆக இருந்தது, 2023-இல் 0.72. இப்போது பாருங்கள். 4.53-இலிருந்து 0.72-க்கு விழுந்தது என்றால் 'ஃபெல் ஃப்ரம் 4.53 டு 0.72'. எவ்வளவு விழுந்தது என்றால் 'ஃபெல் பை 3.81'. அதையே பெயர்ச்சொல்லாக எழுதினால் 'எ ஃபால் ஆஃப் 3.81'. எது விழுந்தது என்று சொல்ல 'எ ஃபால் இன் த ஃபெர்டிலிட்டி ரேட்'. இந்த இடத்தில் நிற்கிறது என்றால் 'ஸ்டுட் அட் 0.72'. 'ஃபெல் டு 3.81' என்று எழுதினால் கொரியாவின் தலையெழுத்தே மாறிவிடும். வகுப்பில் மாதம் ஒருவராவது அதை மாற்றுகிறார்.

ஆனால் இது நம் ஊர் விஷயம் இல்லையே, மேடம்?

தமிழ்நாட்டில் 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி கருவள விகிதம் 1.8, அதே கணக்கெடுப்பில் இந்தியா முழுமைக்கும் 2.0. 'நமக்கு இருவர்' என்று பிரசாரம் செய்த மாநிலம் அந்த இலக்கைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. மக்கள்தொகையை வைத்துச் செய்யும் தொகுதி மறுவரையறையில் நாடாளுமன்ற இடங்கள் குறையுமோ என்ற பேச்சு எழுந்தபோது, 2025 மார்ச்சில், மணமக்கள் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலினே ஒரு திருமண விழாவில் பேசினார். சுவரில் எழுதியதற்கு நேர் எதிர்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். விகிதம் குறைவதும், பிள்ளையே வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுப்பதும் ஒன்றல்ல. வீட்டுக்கு மூன்று என்பது ஒன்றாகவோ இரண்டாகவோ குறைந்தாலே விகிதம் இறங்கிவிடும். திருமணமே தள்ளிப்போனாலும் இறங்கும். கட்டுரையில் 'தேர்ஃபோர்' போட்டு இந்த இரண்டையும் ஒட்டவைக்கிறவர்கள் அதிகம். இணைப்புச்சொல் சரியாக இருந்து, இணைத்தது தவறாக இருக்கும் இடம் இது.

'ஆல்தோ' போட்டுவிட்டு 'பட்' போட்டால் ஏன் சிவப்பு மையில் சுழிக்கிறீர்கள்?

சென்ற ஆண்டு ஒரு செவிலியர் இரவுப் பணி முடித்து, மதியம் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு வகுப்புக்கு வந்திருந்தார். பிரசவ வார்டில் வேலை. நாற்பது பக்க நோட்டு, அட்டையில் மருந்து கம்பெனி விளம்பரம். அதில் முதல் வரி: 'டெஸ்பைட் ஆஃப் ஐ லவ் சில்ட்ரன், பட் ஐ டோன்ட் வான்ட்.' ஒரே வரியில் நான்கு இடத்தில் கை வைக்க வேண்டியிருந்தது. 'டெஸ்பைட்'டுக்குப் பின் 'ஆஃப்' வராது. 'இன் ஸ்பைட்'டுக்குத்தான் 'ஆஃப்'. 'டெஸ்பைட்'டுக்குப் பின் முழு வாக்கியமும் வராது, 'டெஸ்பைட் லவிங் சில்ட்ரன்' என்று பெயர் வடிவில் வர வேண்டும். முழு வாக்கியம் வேண்டுமென்றால் 'ஆல்தோ ஐ லவ் சில்ட்ரன்'. அப்போதும் 'பட்' கூடாது. கடைசியில் 'எனி' வேண்டும்.

பென்சிலால் திருத்திக் கொடுத்தேன்: 'ஆல்தோ ஐ லவ் சில்ட்ரன், ஐ டோன்ட் வான்ட் எனி.' அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நேற்று ராத்திரி நாலு பிரசவம், மேடம். நாலு குழந்தையையும் நான்தான் துடைத்துச் சுற்றிக் கொடுத்தேன். 'பட்' இல்லையென்றால் வேண்டாம் என்பது அழுத்தமாகத் தெரியுமா?" என்றார்.

தெரியும். 'பிள்ளைகளைப் பிடித்தாலும் ஆனால் வேண்டாம்' என்று தமிழில் யாராவது சொல்வோமா? 'ஆலும்' வந்துவிட்டால் 'ஆனால்' தேவையில்லை என்று நம் காதுக்கே தெரியும். ஆங்கிலத்திலும் அதே விதிதான். ஒரே வேறுபாடு, நம் 'ஆலும்' முதல் பகுதியின் கடைசியில் வருகிறது. 'ஆல்தோ' வாசலிலேயே நின்று, பின்னால் ஒரு மறுப்பு வருகிறது என்று சொல்லிவிடுகிறது. அதைக் கேட்டதும் அவர் சிரித்தார். "அதுதான் சங்கடம், மேடம். அம்மாவிடம் அதை முதலிலேயே சொன்னால் மீதியைக் கேட்கவே மாட்டார்."

கட்டுரையில் எத்தனை இணைப்புச்சொல் இருக்க வேண்டும்?

எண்ணாதீர்கள். தேவைக்கு மேல் போட்டால் மதிப்பெண் குறையும் என்று தேர்வின் அளவுகோலிலேயே இருக்கிறது. உச்ச மதிப்பெண்ணான 9-க்குச் சொல்லியிருப்பது, இணைப்பு இருப்பதே அநேகமாகக் கண்ணில் படக் கூடாது என்பது. 'ஃபர்ஸ்ட்லி, மோரோவர், ஃபர்தர்மோர், ஹவெவர்' என்று ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் ஒன்று வைப்பவர், பத்தடிக்கு ஒரு விசில் அடிக்கும் நடத்துநர் போல. வண்டி போவதை விட்டுவிட்டு விசிலைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள்.

பல இடங்களில் 'திஸ்' போதும். முதல் வாக்கியத்தில் பிள்ளை வேண்டாம் என்ற முடிவைச் சொல்லிவிட்டு, அடுத்ததை 'திஸ் டிசிஷன்' என்று தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று: 'ஹவெவர்' என்பது 'பட்'டின் கோட் போட்ட அண்ணன் அல்ல. 'பட்' இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கும், 'ஹவெவர்' ஒன்றாக்காது. அதற்கு முன் முற்றுப்புள்ளி வைத்துப் புதிய வாக்கியம் தொடங்குங்கள், பின்னால் காற்புள்ளி இடுங்கள்.

'பிகாஸ்', 'பிகாஸ் ஆஃப்'... அப்படியே கேட்டுவிடுகிறேன் மேடம், நீங்கள் ஏன் வேண்டாம் என்றீர்கள்?

முதலில் இலக்கணம். பெயர்ச்சொல் வந்தால் 'பிகாஸ் ஆஃப்': 'பிகாஸ் ஆஃப் த காஸ்ட்'. எழுவாயும் வினையும் வந்தால் 'பிகாஸ்': 'பிகாஸ் இட் காஸ்ட்ஸ் டூ மச்'. காரணத்துக்கு 'ரீசன் ஃபார்'. 'காஸ்' என்றால் 'காஸ் ஆஃப்'. 'த ரீசன் இஸ் பிகாஸ்' என்று இரண்டு முறை காரணம் சொல்லாதீர்கள்.

இனி நீங்கள் கேட்டது. பணம் இல்லை, வேலைச் சுமை, உலகம் கெட்டுவிட்டது என்று பல வருடம் எதையாவது சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் மருந்து வைத்திருந்தார்கள். பணமா, வரும். வேலையா, அம்மா பார்த்துக்கொள்வார். 'பிகாஸ்' என்று தொடங்கினாலே வாதம் தொடங்கிவிடுகிறது என்று மெதுவாகத்தான் புரிந்தது. எங்களுக்கு அந்த ஆசை வரவில்லை. வரும் என்றார்கள், காத்திருந்தோம், வரவில்லை. பிள்ளை பெற்றவரிடம் யாரும் ஏன் பெற்றாய் என்று கேட்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

வயதான காலத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள்?

'லுக் ஆஃப்டர்'. 'லுக் அட்' என்றால் பார்ப்பது, 'லுக் ஃபார்' என்றால் தேடுவது, 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள்வது. தமிழில் 'கொள்' செய்யும் வேலையை அங்கே 'ஆஃப்டர்' செய்கிறது.

இந்தக் கேள்வி கட்டுரையிலும் வரும், அதனால் 'இஃப்', 'இன் கேஸ்' வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'மழை பெய்தால் குடை எடுப்பேன்' என்றால் 'இஃப்'. 'மழை பெய்யக்கூடும், எதற்கும் இருக்கட்டும்' என்று இப்போதே எடுத்துக்கொண்டால் 'இன் கேஸ்'. பிள்ளையை 'இன் கேஸ்' பெற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். கேள்வி நியாயமானது, பயமும் நியாயமானது. நாங்கள் காப்பீடும் சேமிப்பும் வைத்திருக்கிறோம். எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு சாவி இருக்கிறது. அந்த எதிர்வீட்டுத் தம்பதிக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் வெளிநாட்டில். அவர்கள் வீட்டுச் சாவி எங்களிடம் இருக்கிறது.

'டு'வுக்குப் பின்னால் 'ஹேவ்' வருமா, 'ஹேவிங்' வருமா?

'வான்ட் டு ஹேவ்' சரி. ஆனால் 'அப்போஸ்ட் டு ஹேவிங்', 'ஆப்ஜெக்ட் டு ஹேவிங்', 'லுக் ஃபார்வர்ட் டு ஹேவிங்'. இவற்றில் 'டு' வினையின் ஒட்டு அல்ல, அசல் பிரிப்பொசிஷன். சோதிக்க ஒரு வழி: 'டு'வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு த வெட்டிங்' என்று வருகிறதல்லவா? அப்படியானால் வினைக்கும் 'இங்' போடுங்கள்.

இவ்வளவையும் எப்படித்தான் படிப்பது? பட்டியல் தருவீர்களா?

தர மாட்டேன். 'இன்' என்று தலைப்பிட்டு நாற்பது பயன்பாடுகளை மனப்பாடம் செய்தவர் யாரும் எழுதும்போது அந்தப் பட்டியலைப் புரட்டுவதில்லை. சொல்லைத் தனியாகப் படிக்காமல் துணையோடு படியுங்கள். 'டிபெண்ட்' என்று எழுதாதீர்கள், 'டிபெண்ட் ஆன்' என்று எழுதுங்கள். 'பிரெஷர் ஃப்ரம் ரிலேட்டிவ்ஸ்', 'பிரெஷர் ஆன் விமென்': உறவினரிடமிருந்து வருகிறது, பெண்கள் மேல் விழுகிறது, இரண்டு பிரிப்பொசிஷனில் பாதிக் கட்டுரை முடிந்துவிட்டது. திருத்தித் தந்த வரியை அதே நாளில் மூன்று முறை கையால் எழுதுங்கள். கைபேசியில் தட்டினால் அதுவே திருத்திவிடும், உங்களுக்கு ஒன்றும் ஒட்டாது.

வருத்தம் உண்டா, மேடம்? 'ரிக்ரெட்'டுக்கு என்ன பிரிப்பொசிஷன்?

வினையாக வந்தால் எதுவும் இல்லை. 'ரிக்ரெட் அபவுட்' என்று எழுதாதீர்கள். 'ரிக்ரெட் நாட் ஹேவிங்' என்று நேராகப் போகும். 'ரிக்ரெட் டு' வந்தால் அது வேறு, 'தெரிவிக்க வருந்துகிறோம்' என்ற கடிதத்து வருத்தம்.

மேலே சொன்ன செவிலியர் மூன்றாவது முயற்சியில் எழுத்துத் தேர்வில் 7 வாங்கினார். விசா வந்த அன்று இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, என் கணவர் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, இதே கேள்வியைக் கேட்டார். வருடத்தில் ஒன்றிரண்டு சாயங்காலம் வரும் என்றேன். எந்த சாயங்காலம் என்று அவர் கேட்கவில்லை. "அப்படியென்றால் 'அட் டைம்ஸ்'. 'ஆன் டைம்ஸ்' இல்லை, சரியா மேடம்?" என்றார். சரி என்றேன்.